சகலையின் மூலைமட்டம்

பொறாமை பெரிய விஷயங்களின் மேல்தான் வரும் என்று நினைத்திருந்தேன். வீடு, பதவி, பிள்ளைகளின் சம்பளம், அப்படி. எனக்கு அது வந்தது கையளவு எஃகின் மேல், என் சகலை வைத்திருந்த மூலைமட்டத்தின் மேல்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவர் வீடு. நான் எர்ணாகுளத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் வங்கியில் இருந்தவர், என்னைவிட இளையவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் மரவேலை செய்யும் பழக்கம் முதலில் எனக்குத்தான் வந்தது. என்னைப் பார்த்துத்தான் அவர் தொடங்கினார். இதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஜூ டவுனின் பழம்பொருள் கடைக்காரர்கள், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளையும் நிலைகளையும் வாங்குவார்கள். அவர்களுக்கு உதவாத துண்டுகளை நாங்கள் வாங்கி வருவோம். ஒரே தேக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஆனால் என் ஸ்டூல் ஆடும், அவருடையது ஆடாது.

"உங்க சகலை பண்ணின ஸ்டூல்ல ஏறி நின்னு என் தங்கச்சி ஃபேன் தொடைக்கிறா. உங்க ஸ்டூல்ல நான் உக்காரவே பேப்பர் மடிச்சு வைக்க வேண்டியிருக்கு," என்றாள் என் மனைவி. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வித்தியாசம் எங்கே என்று எனக்குத் தெரியும். மூலைமட்டம் என்பது எளிய கருவி. தடித்த பிடி ஒன்று, அதிலிருந்து செங்குத்தாக நீளும் தகடு ஒன்று. மரத்தின் விளிம்பில் பிடியை அணைத்து வைத்து, தகட்டை ஒட்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். நான் எர்ணாகுளம் மார்க்கெட்டில் மலிவாக வாங்கியது கொஞ்சம் விரிந்தே இருந்தது. அவருடையதை ஜப்பானில் இருக்கும் மகள் அனுப்பியிருந்தாள். அது வந்த அன்று சரிபார்க்கும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பலகையில் ஒரு கோடு போடு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கோணலாக இருந்தால் மேலே போகப் போக விலகும். அவர் போட்ட இரண்டு கோடுகளும் ஒரே கோடாக நின்றன.

"அடிபொளி!" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் செங்கோணம் வரைந்தவன் நான். அது என் கையில் இல்லாமல், வட்டிக் கணக்குப் போட்டவர் கையில் இருந்தது. "அந்த மட்டம் இருந்தா யாரு வேணாலும் பண்ணலாம்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பெருமளவு உண்மையும்கூட. அதனால்தான் இன்னும் எரிந்தது. புதிதாக நல்ல மட்டம் ஒன்று நானே வாங்கியிருக்கலாம். வாங்கினால் அவரைப் பார்த்து வாங்கியதாக ஆகிவிடும் என்று வாங்கவில்லை.

நவராத்திரியில் இங்கே எல்லோரையும் போல நாங்களும் பூஜை வைப்போம். புத்தகமும் கருவியும் சாமிக்கு முன்னால் போய்விட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அவர் வீட்டுப் பூஜை அறை பெரியது என்பதால் என் உளி, இழைப்புளி, மட்டம் எல்லாமே அங்கேதான் அவருடையவற்றோடு இருக்கும். அந்த வருடம் நவமி மதியம் அவர் கோயிலுக்குப் போயிருந்தார். பெண்கள் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பூஜை அறையில் தனியாக இருந்தேன்.

அவர் மட்டத்தைக் கையில் எடுத்தேன். திருட நினைக்கவில்லை. என்னுடையதை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, எவ்வளவு கோணல் என்று பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான். அதில் வைத்திருந்த சந்தனம் ஈரமாக இருந்தது. விரலிலிருந்து வழுக்கி, தகட்டின் நுனி தரையில் குத்த விழுந்தது.

"என்ன அத்தான் சத்தம்?" என்று கொழுந்தியாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, மணி தட்டிருச்சு," என்றேன்.

துடைத்து, திரும்பச் சந்தனம் வைத்து, பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அப்படி விழுந்தால் தகடு பிடியிலிருந்து அசைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பூஜையில் இருந்ததைத் தொட்டதைச் சொல்ல வேண்டும், ஏன் தொட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவரும் சரிபார்க்கவில்லை. பூஜையிலிருந்து எடுத்த கருவியை யார் சந்தேகப்படுவார்?

அவர் மனைவியின் கொலுப் பொம்மைகளை வைக்க ஒரு பெரிய அலமாரி செய்யத் தொடங்கினார். முன்பக்கம் இரட்டைக் கதவு. சேர்த்து வைத்திருந்த தேக்கில் மிக நல்ல பலகைகள் எல்லாம் அதற்குத்தான் போயின. மட்டத்தின் தகட்டில் மயிரிழையாக இருக்கும் பிசகு, கதவின் நீளத்துக்குப் போகும்போது பென்சில் நுழையும் சந்தாகிவிடும். அவருக்கு அதுதான் நடந்தது. கீழே கதவுகள் முட்டின, மேலே வாய் பிளந்து நின்றன. கழற்றினார், மீண்டும் கோடு போட்டார், மீண்டும் அறுத்தார். ஒவ்வொரு முறையும் அதே மட்டத்தை வைத்துத்தான் கோடு போட்டார்.

நவராத்திரிக்கு முந்தைய மழைக்காலத்தில்தான் அவர் கண்ணில் புரைக்கு அறுவை நடந்திருந்தது.

"கண்ணு போச்சு சேட்டா," என்றார். "நேரா இருக்கிறது எனக்கு நேராத் தெரியல. ஆபரேஷன் சரியாகல போல."

அவர் அப்படிச் சொன்னபோது எனக்குள் ஏற்பட்டது மகிழ்ச்சி. வேறு பெயர் சொல்லி அதை அழகுபடுத்த முடியாது. "வயசாச்சுல்ல தம்பி, விட்டுருங்க," என்றேன், தோளில் கைவைத்து.

விட்டுவிட்டார். சில நாட்களில் அந்த மட்டத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு இனி எதுக்கு? நீங்க வச்சுக்கோங்க. உங்களுக்கு இது மேல ஒரு கண்ணுன்னு தெரியும்," என்று சிரித்தார். வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் பலகையில் கோடு போட்டுத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கோடுகளும் மேலே விலகிப் போயின. அதை என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

மரவேலையோடு நின்றிருந்தால் நான் சொல்லாமலே செத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினார். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். சாயாவைக்கூடத் தானே ஊற்றாமல் மனைவியிடம் தம்ளரை நீட்டினார். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது, தன் மனம் உடைந்துவிடும் என்று மறைக்கிறார்கள் என்றார். ஒருநாள் என் மனைவி, "அவரு கண்ணு பூராவும் போறதுக்குள்ள பொண்ணைப் பாக்கணும்னு அழுதாராம்," என்றாள்.

அந்த வார்த்தைக்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. மட்டத்தையும் ஒரு பலகையையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னறையில் இருந்தார். அவர் கையிலேயே பென்சிலைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னேன்.

"எதுக்கு சேட்டா வேண்டாத்த வேலை?"

"போடுங்க. இப்ப திருப்பி வச்சுப் போடுங்க."

கோடுகள் விலகின. அவர் பலகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார்.

"மட்டமா கோணல்?"

"ஆமா. நான்தான் கீழ போட்டேன். பூஜையில இருக்கும்போது."

"அடப் பாவி!" என்றார் அவர், சத்தமாக. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "இங்க வா, ஓடி வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "என் கண்ணு போகல. மட்டமாக்கும் கோணல்! ரெண்டு கோடு தெரியுது பாரு, நடுவுல சந்து தெரியுது பாரு, எனக்குத் தெரியுது!" அவள் கைத்துணியால் கண்ணைத் துடைத்தாள். அவர் அவளுக்குப் பலகையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். நான் அங்கே நிற்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

பிறகு அவருக்கு என் நினைவு வந்தது போலும். பலகையைக் கீழே வைத்தார்.

"வயசாச்சு, விட்டுருங்கன்னு சொன்னீங்களே. அப்ப இது தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். கைதவறியதை அவர் ஏற்கெனவே மன்னித்துவிட்டிருந்தார்.

"தெரியும்," என்றேன்.

கொழுந்தியாள் என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அவர் பென்சிலைப் பலகையின் மேல் வைத்தார். பேசியபோது குரல் வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசுவதைப் போல மரியாதையாக இருந்தது.

"இனிமே வரும்போது அக்காவைக் கூட்டிட்டு வாங்க. தனியா வர வேண்டாம்."

அப்படித்தான் போகிறேன். அவர் புது மட்டம் வரவழைத்து அலமாரியை முடித்துவிட்டார். என் மனைவி உள்ளே போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, கதவு எவ்வளவு அழகாகச் சேர்கிறது என்று என்னிடம் சொல்கிறாள். நான் முன்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். இந்த வயதிலும், இவ்வளவுக்குப் பிறகும், அவள் சொல்லும்போது நெஞ்சில் அதே இடத்தில் சுருக்கென்கிறது.