தொதலோடு கழன்ற பல்

"...அதெல்லாம் நாம பேசி என்னங்க ஆகப்போகுது, பொண்ணோட அம்மா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டும்!"

போன வருடம் ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டு முன்னறையில் மாப்பிள்ளையின் அம்மா இப்படிச் சொன்னார். தெல்தோட்டையிலிருந்து என் மகளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானோ வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணத்தைச் சொல்கிறேன். சின்ன வயதில் விழுந்து அடிபட்டதில் என் முன்பற்கள் இரண்டும் கறுத்துப் போய்விட்டன. அதனால் நான் மனம்விட்டுச் சிரிப்பதே இல்லை. "கல்யாண வீட்லயும் இப்படி உம்முன்னுதான் நிப்பீங்களாம்மா?" என்று மகள் கேட்டது சுருக்கென்று தைத்தது. அவளே கண்டியில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். பல்லைப் பிடுங்காமல், அதன் முகப்பைக் கொஞ்சம் சீவிவிட்டு, பீங்கானில் மெல்லிய ஓடு செய்து அதன்மேல் ஒட்டுவார்களாம்.

"சீவினது திரும்ப வளராது, யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஊசி போட்டதால் வலி இல்லை. பல்லைச் சீவுகிற மெஷின் சத்தத்துக்குத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நல்ல வெள்ளையாக வேண்டும் என்று கேட்டேன். "பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கும், பரவாயில்லையா?" என்று சிரித்தவர், ஜன்னல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி, பக்கத்துப் பற்களின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்தார். பல்லை அச்சு எடுத்து, பீங்கான் ஓடு செய்யக் கொடுத்தனுப்பினார். பீங்கான் வரும்வரை இரண்டு பல்லுக்கும் சேர்த்துத் தற்காலிகமாக ஒரு மூடி. "ஒட்டுற சாமான் பக்கமே போயிராதீங்க" என்று எச்சரித்தார்.

பீங்கான் வந்த பிறகுதான் பெண் கேட்டு வருவதாக இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் எதையும் பேச முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டார்கள். இந்த வயதில் அழகு பார்க்கிறாள் என்பார்களோ என்ற கூச்சத்தில் பல் விஷயத்தை அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. "வாய இனிப்பாக்கிட்டு மாசத்தக் குறிப்போம், சம்பந்தியம்மா" என்று அந்த அம்மா, தான் தேங்காய்ப்பாலில் கிண்டிக் கொண்டுவந்த தொதலில் ஒரு துண்டெடுத்து என் வாயில் ஊட்டினார். சம்பந்தி ஊட்டுவதை எப்படி மறுப்பது? கடித்தேன். பிசின் மாதிரி இழுத்த தொதல், மூடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

ஆவணியா, தையா என்ற கேள்வி வந்தது அப்போதுதான். வாயைத் திறந்தால் கறுத்த பல் தெரிந்துவிடுமே என்று, தொதலையும் மூடியையும் கன்னத்தில் ஒதுக்கி உதட்டை இறுக்கினேன். என் வீட்டுக்காரர் என்னவென்று கண்ணால் கேட்டார். "புடிக்கலன்னா நேராவே சொல்லிரலாமே" என்று மாப்பிள்ளையின் மாமா கதிரையை விட்டு எழப் பார்த்தார். கதவோரம் நின்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்ததும் கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. தொதலையும் மூடியையும் உள்ளங்கையில் துப்பினேன். "சம்மதங்க! ஆவணியிலேயே வைங்க. பல்லுதான் கழண்டிருச்சு" என்றேன். கறுத்த பல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தன. காற்றுப் பட்டுக் கூசியது. அவமானத்தில் தலை குனிந்துகொண்டேன்.

பீங்கான் பல் பிறகு வந்து நன்றாகவே பொருந்தியது. அதுபோல் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் கேட்டால் ஊசி, அச்சு, பல் கூச்சம் என்று எல்லாம் சொல்கிறேன். ஆனால் எனக்கு மனம் நிறைவது வேறொன்றை நினைத்துத்தான். எங்கள் வீட்டுக்கு அன்றுதான் முதன்முதலாக வந்த அந்த அம்மா, "அட கடவுளே, நாந்தானே ஊட்டிவிட்டேன்!" என்று எழுந்து, யாரையும் கேட்காமல் குசினிக்குள் போய், வாழைப்பழத்தை மசித்துச் சீனி தூவிக் கொண்டுவந்து, முதல் கரண்டியை எனக்கு ஊட்டிவிட்டு, அதே கரண்டியால் அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.