பொக்லைன்காரர் கேட்ட கேள்வி

மனிதன் பூமியையே மாற்றிவிட்டதால் இந்தக் காலத்துக்கு ‘மனித யுகம்’ என்று பெயர் வைக்கலாமா என விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். அதைப் பற்றி நான் இரண்டு கட்டுரைகள் படித்திருந்தேன். திண்டிவனம் நூலகத்தில் பேசக் கூப்பிட அதுவே போதுமாக இருந்தது.

விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் பொக்லைன் ஓட்டுநர் ஒருவர். வெயிலில் கறுத்த முகம், காதோரம் செம்மண். பேசும்போது அவருடைய இரண்டு கைகளும் லீவரைத் தள்ளி இழுத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கைகள் இடிக்காமல் மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு அவரிடமே ஒத்திகை பார்த்தேன்.

“மனிதன் மலையைக் குடைந்தான், ஏரியைத் தோண்டினான்...”

“எந்த மனுஷன் சார்?”

“பொதுவா எல்லாருந்தாங்க.”

“அதெப்டி சார்? நான் வெயில்ல தோண்டிக்கினு இருந்தேன். தோண்டச் சொன்னவரு ஏசி கார்ல குந்திக்கினு இருந்தாரு. கழனிக்காரங்க தண்ணியில்லாம நிக்கிறாங்க. மூணு பேருக்கும் ஒரே பேரா?”

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

“உங்க வூடு எங்க சார்?”

“வளவனூர் தாண்டி, புது மனை.”

“ஏரி மண்ணு அடிச்சி மேடாக்குன எடமா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியும் சார். நாந்தான் அடிச்சேன்.”

அன்று மேடையில் ‘மனிதன்’ என்று வாயெடுத்த போதெல்லாம் நாக்கு நின்றது. ஒரு மணி நேரப் பேச்சு பத்தே நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் பேசியதில்லையாம். மகிழ்ந்துபோய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த மரியாதை பொக்லைன்காரருக்குரியது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.