அழவைக்க வந்த மேளம்

மேளம் இல்லாமல் தாலி கட்டலாமா? போன ஞாயிற்றுக்கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் மாப்பிள்ளையின் அம்மா மகேஸ்வரியக்கா.

நாதஸ்வரமும் தவிலும் பாரிஸில் இருந்து வருவதாக ஏற்பாடு. முதல் நாளே புறப்பட்டும் விட்டார்கள். ஆனால் கடலில் காற்று... கப்பல் ஓடவில்லை. பிரான்சின் கலே துறைமுகத்தில் இருந்து போன் வந்தது. "அண்ணை, தவில் பத்திரமா இருக்கு. நாங்கள்தான் வர ஏலாமல் நிக்கிறம்."

போனை எடுத்தவன் என் நண்பன் பரமு, பெண்ணின் சித்தப்பா. பெண் சுகந்தி யாழ்ப்பாணத்தில் இருந்து இந்தக் கல்யாணத்துக்காகத் தனியாக வந்து இறங்கியவள். சண்டைக்குள் தாய் தகப்பனுக்குப் புறப்பட வழியில்லை. கன்னிகாதானம் செய்து கொடுக்கவேண்டியவன் பரமுதான்.

"காருக்குள்ள கசெற் ஒண்டு கிடக்கு, அக்கா. கெட்டிமேளமும் அதில இருக்கு. போட்டு விடுவமே?" என்று மெல்லக் கேட்டான்.

மகேஸ்வரியக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "கசெற்றுக்குத் தாலி கட்டிப்போட்டு, பிறகு வீடியோவிலயோ குடும்பம் நடத்துறது? மேளம் இல்லையெண்டால் வேற நாள் பாப்பம்."

வேறு நாளா? பெண் அலங்காரம் முடிந்து உள்ளே இருக்கிறாள். சமையல்காரர் பருப்பை இறக்கிவிட்டார்.

அப்போதுதான் மாடியில் இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

அது எனக்குப் பழக்கமான சத்தம். மற்ற ஞாயிறுகளில் அதே மண்டபத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும். மகளை இழுத்துக்கொண்டு வந்து வகுப்பில் விட்டுவிட்டு, நான் படிக்கட்டில் நின்று மாடியில் நடக்கும் வாத்தியப் பயிற்சியை ஒட்டுக்கேட்பேன். கேட்டுக் கேட்டே வாசிப்பவர்களோடு சிநேகமும் பிடித்துவிட்டேன்.

அவர்கள் யூதர்கள். கிளாரினெட் ஊதுகிற ரூத் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பிடில்காரர் பல் டாக்டர். அக்கோர்டியனுக்கு ஒருவர், டிரம்முக்கு ஒருவர். கிழக்கு ஐரோப்பாவில் யிடிஷ் என்ற பாஷை பேசிய தங்கள் முன்னோரின் கல்யாண இசையைத்தான் பயிற்சி செய்கிறார்கள். கிளெஸ்மர் என்று பெயராம். ரூத்தின் அப்பா அம்மா அந்தப் பாஷையையும் பாட்டையும் வீட்டுக்கு வெளியே விட்டுவிட்டார்கள். பிள்ளை இங்கிலிஷ்காரியாக வளரவேண்டுமே! வளர்ந்த பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? சந்தையில் கீறல் விழுந்த பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி, கேட்டுக் கேட்டு ஊதப் பழகிவிட்டாள். இப்போது லண்டனில் இதற்கு வகுப்பு, கச்சேரி எல்லாம் வந்துவிட்டன.

(தாய் தகப்பன் கட்டித் தூக்கிப் போட்ட மூட்டையைப் பிள்ளைகள் தேடிப்பிடித்து அவிழ்க்கிறார்கள். நாங்கள் அவிழ்த்து நீட்டுகிற மூட்டையை எங்கள் பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை! சரி, அது வேறு கதை.)

ரூத்துக்கு ஒரே ஒரு மனக்குறை. "இது கல்யாணத்துக்கான இசை. நாங்களோ வரிசையாகக் கதிரை போட்டு இருப்பவர்களுக்கு வாசிக்கிறோம். கல்யாணத்துக்கு எல்லாரும் டிஸ்கோவைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று ஒருமுறை சொன்னார்.

கீழே கல்யாணம் இருக்கிறது, மேளம் இல்லை. மேலே மேளம் இருக்கிறது, கல்யாணம் இல்லை. நடுவில் இருப்பது வெறும் படிக்கட்டு. இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

விஷயத்தைச் சொன்னேன். தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ எவர் காதிலும் விழக்கூடாது, ஐயர் கையைத் தூக்கியதும் மண்டபம் அதிரவேண்டும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... "மற்ற நேரம் உங்கள் கல்யாணத்தில் எப்படியோ, அப்படியே வாசியுங்கள்" என்றும் சொல்லி வைத்தேன்.

நான்கு பேரும் வாத்தியங்களோடு இறங்கி வந்தார்கள். கிளாரினெட்டைக் கண்ட மகேஸ்வரியக்கா, "கறுப்பாய், நீளமாய்த்தானே கிடக்கு. ஊதட்டும்" என்று அனுமதி கொடுத்தார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சுகந்தி கூறைச் சேலை உடுத்து வந்து மணவறையில் அமர்ந்தாள். லண்டனில் இறங்கிய நாளில் இருந்து எவரைக் கண்டாலும் காட்டுகிற அதே சிரிப்பு. போட்டோவுக்குச் சிரிப்பதுபோல.

ரூத் எழுந்தார். நேரே மணவறைக்குப் போய், பெண்ணின் முன்னால் நின்று ஊதத் தொடங்கினார். மெதுவாக, மிக மெதுவாக. குழல் விக்கியது. விம்மியது. ஆள் ஒருவர் அழுவது போலவே இருந்தது.

சுகந்தியின் சிரிப்பு கழன்று விழுந்தது. "அம்மா..." என்றாள். அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கிவிட்டாள்.

மண்டபம் கொதித்தது. "முகூர்த்த நேரத்தில செத்தவீட்டுப் பாட்டோ?" என்றார் ஒருவர். வீடியோக்காரர் மட்டும் சந்தோஷமாகக் கிட்டப் போனார். பரமு என் கையைப் பிடித்து இழுத்தான். "அண்ணை, நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்! போய் நிப்பாட்டுங்கோ!"

ஓடினேன். ரூத் குழலை இறக்கி, வியப்போடு என்னைப் பார்த்தார். "அப்படியே வாசிக்கச் சொன்னீர்களே? எங்கள் கல்யாணத்தில் மேளத்தின் முதல் வேலை இதுதான். சடங்குக்கு முன் பெண்ணை அழவைத்துவிட வேண்டும். அழுகையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும்."

திரும்பினால் மகேஸ்வரியக்கா இடுப்பில் கைவைத்து நிற்கிறார். ரூத் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

அக்கா யோசித்தார். "முதலே அழுது முடிச்சிட்டால், பிறகு அழமாட்டாளாமோ?"

"அப்பிடித்தான் சொல்லினம், அக்கா."

அக்கா சுகந்தியைப் பார்த்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். "தாயில்லாத மணவறை... எப்பிடி அழாமல் இருக்கிறது? இப்பவே அழு, பிள்ளை. மிச்சம் வைக்காத. என்ர வீட்டை வந்து அழக்கூடாது, சொல்லிப்போட்டன்." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்தப் பிள்ளையை இன்னொருக்கா ஊதச் சொல்லும்" என்றார்.

ரூத் இன்னொரு தடவை ஊதினார். இந்த முறை முன்வரிசைப் பெண்கள் பாதிப்பேர் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார்கள். செத்தவீட்டுப் பாட்டு என்றவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ஐயர் கையைத் தூக்கினார். அம்மாடி! டிரம் இடிக்க, பிடில் பறக்க, கிளாரினெட் துள்ள... தும்மல் என்ன, பக்கத்து வீதியில் பஸ் மோதியிருந்தாலும் கேட்டிராது. தாலி ஏறியது. சுகந்தி சிரித்தாள். இந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை.

பந்தியில் பல் டாக்டர் மூன்றாவது வடைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ரூத் சாப்பிடாமல் இலையையே பார்த்தபடி இருந்தார். "கச்சேரியில் எல்லாரும் கைதட்டுவார்கள். இன்றைக்குத்தான் ஒருத்தி அழுதாள்" என்றார்.

நேற்று மகேஸ்வரியக்கா எனக்குப் போன் எடுத்தார். இளைய மகனுக்கும் கல்யாணம் செய்து வைக்கவேண்டுமாம். "பாரிசுக்குச் சொல்லவேண்டாம், தம்பி. அந்த அழவைக்கிற பிள்ளையைக் கேட்டு வையும்."

கேட்டுவிட்டேன். ரூத் எப்போதும் தயாராம். பெண்தான் இன்னும் கிடைக்கவில்லை!