பூவும் விழவில்லை

போன வருடம் ஷட்டில் விளையாடும்போதே அண்ணனின் இதயம் நின்றுபோனது. அதற்காக நான் கொடுத்திருந்த மரபணுப் பரிசோதனைக்கு இன்று ரிசல்ட்.

டாக்டர் சொன்னார்: “ஒரு மாற்றம் இருக்குதுங்க. ஆனா அது நோயைக் கொண்டு வருமா, சும்மா இருக்குமான்னு இப்போதைக்கு யாருக்கும் தெரியாதுங்க. எக்கோ மட்டும் எடுத்துட்டே இருங்க. பின்னால தெரிஞ்சா கூப்பிடறோம்.”

அம்மா எழுந்துவிட்டார். “அவிங்களுக்குத் தெரியலீன்னா அம்மனுக்குத் தெரியும், வா கண்ணு.”

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குலதெய்வக் கோயில். பூ கேட்டோம். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் நல்லது, இடப்பக்கம் விழுந்தால் கெட்டது.

விழவேயில்லை.

பூசாரி சங்கடமாகச் சிரித்தார். “இன்னைக்கு உத்தரவு இல்லீங்க அம்மணி. இன்னொரு நாளைக்கு வாங்க.”

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த மகள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். தூங்கும்போது அவள் அப்படியே அண்ணன்தான். போத்தனூர் வரும்வரை அவள் நெஞ்சிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: “பாப்பாவுக்கும் பார்க்கோணுமா கண்ணு?”

டாக்டரும் அப்புறம் என்கிறார், அம்மனும் அப்புறம் என்கிறாள். அதுவரைக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.