ஜோதிராஜின் மூக்குக்கண்ணாடி

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஜோதிராஜுக்குப் பிள்ளை வளர்ப்பில் ஒரே சட்டம்தான்: செய்ததன் விளைவைப் பிள்ளையே அனுபவிக்க வேண்டும். கர்த்தரே அப்படித்தான் வளர்க்கிறார் என்பார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கெசியா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமை, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாமல் எலுமிச்சை சாதத்தைத் தானே தின்று தீர்த்தார். சட்டம் போடுகிற எல்லோரையும் போல, அது தனக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பது அவர் முறை. ஒரு மாதமாகக் காத்திருந்த பெருமை. பகுதியோ இயேசுவின் வம்ச வரலாறு. முழுக்க வாயில் நுழையாத பெயர்கள். மைக் முன்னால் நின்று சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி இல்லை. அது முன்வரிசையில் கெசியாவின் கையில் இருந்தது.

“கண்ணு, குடு சாமி.”

“பிரிட்ஜ் மேல மறந்துபோட்டு வந்துட்டீங்கப்பா. குடுத்தா நீங்க எப்படிங்க கத்துக்குவீங்க?”

சபை சிரித்தது. ஜோதிராஜ் மனப்பாடமாகவே தொடங்கினார். யாக்கோபு வரை தடங்கலில்லை. அதற்குப் பிறகு தாவீது ராஜா வருவதற்குள் வம்சப் பட்டியலில் செல்லதுரை வந்துவிட்டார்.

“அப்பா, அது நம்ம பெரியப்பாங்க!”

“இனிமே டிபன் பாக்ஸை நானே கொண்டாந்து தாரேன், அம்மணி!” மைக்கில் சபையே கேட்டது.

கெசியா எழுந்து கண்ணாடியை நீட்டினாள். “திங்காம கொண்டாரோணுங்கப்பா.”