நடுவில் ஹேண்ட்பிரேக் உள்ள கார்

தொண்ணூறுகளின் நடுவில், நியூஜெர்சியில் நாங்கள் குடியிருந்தது ஆற்றங்கரையில் ஒரு பழைய டச்சுக்கார ஊர். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் படகில் வந்து இறங்கி, செங்காவிக் கல்லில் ஒரு தேவாலயம் கட்டி, மாடு போன வழியையெல்லாம் தெருவாக்கியிருந்தார்கள். சுற்றுப்பட்டுப் பண்ணைக்காரர்கள் விளைச்சலை இங்கே கொண்டுவந்துதான் படகில் ஏற்றினார்களாம். ஜனம் கூடுகிற இடம் என்று கோர்ட் வந்தது, பின்னாலேயே ஜெயில் வந்தது, பிறகு பெரிய ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, லைசென்ஸ் ஆபீஸ். நம் கணக்கில் சொன்னால் மாவட்டத் தலைநகர். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன காரியம் என்றாலும் இங்கே வந்தே தீர வேண்டும். வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தே தீர்ந்தார்கள்.

ஆற்றோரத்தில் ஒரு பலகை இருந்தது. அந்த இடத்தில் படகுத்துறையும் பயணிகள் சத்திரமும் இருந்ததாக அதில் எழுதியிருக்கும். என் கணவர் வருகிற விருந்தாளிகளை எல்லாம் அழைத்துப்போய், தானே நட்டுவைத்த மாதிரி அதைப் படித்துக் காட்டுவார். சத்திரத்தை மூடவில்லை, மூன்றாவது மாடியில் இருக்கிற நம் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒருநாள் எரிச்சலில் சொன்னேன். அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அடுத்து வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். இந்த மனுஷனிடம் கோபப்படுவதற்குக்கூட வழி கிடையாது.

விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேர் டிரைவிங் டெஸ்டுக்கு வந்தவர்கள். அதற்கு எங்கள் கார்தான் காரணம். டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்காருவார். ஆபத்து என்றால் அவர் கை எட்டிப் பிடிக்கிற மாதிரி ஹேண்ட்பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் அது ஓட்டுபவரின் இடது காலடியில் இருக்கும். எங்களுடைய பழைய ஜப்பான் காரில் நடுவில் இருந்தது. இந்தச் செய்தி தமிழ்க் குடும்பங்களில் எப்படித்தான் பரவியதோ, நான்கு ஊர் தள்ளியிருந்து போன் வரும். கணவர் அரைநாள் லீவு போட்டு, காரைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிப்போவார். பாஸானவர்களுக்கு என் கையால் கேசரி. ஃபெயிலானவர்களும் கேசரி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எனக்கு மட்டும் லைசென்ஸ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் பெரிய கடைகள் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம். கார் நிறுத்துமிடமெல்லாம் வெறிச்சென்று கிடக்கும், பழகுவதற்குத் தோதான இடம். அதிலும் பாதி நாள் வேறு யாராவது ஓட்டிப் பழக, நான் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவர்களிடம் கணவர், “மெதுவா மிரரைப் பாருங்க, அவசரமே இல்ல” என்பார். என் முறை வந்தால், “கண்ணை எங்க வச்சிருக்க?” அவ்வளவுதான் பாடம். பாதிக்கு மேல் நான் பின்சீட்டிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷம் கம்யூனிட்டி காலேஜில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கு இடம் கிடைத்தது. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். மூன்று வருஷமாகச் சமையலறைக்கும் துணி துவைக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரிடமும் விளக்கி மாளாது. சாயங்கால வகுப்பு, திரும்பிவர பஸ் இல்லை. லைசென்ஸ் இருந்தால் காலேஜ், இல்லாவிட்டால் இல்லை. ஆறு வாரம் காத்திருந்து டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. அடுத்த திங்கள் வகுப்பு ஆரம்பம்.

புதன்கிழமை சாயங்காலம் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் மனைவியோடு வந்து இறங்கினார். அவருக்கும் டெஸ்ட், அதே வியாழன், அதே ஒன்பது மணி. திங்கட்கிழமை டெக்சாஸில் இர்விங்கில் புது வேலை. லைசென்ஸ் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வார் என்று என் கணவர் எனக்கே பாடம் எடுத்தார். இருப்பதோ ஒரே கார், ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஓட்ட முடியும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த யாராவது யார் என்று என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் மெதுவாகச் சமையலறைக்கு வந்தார்.

“நீ இந்த ஊர்லயேதானே இருக்க? எப்ப வேணா போய்க்கலாமே.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முன்னூறு வருஷமாக ஊர் உலகமெல்லாம் வந்து காரியம் முடித்துக்கொண்டு போகிற ஊரில், உள்ளூர்க்காரி என்பதாலேயே என் காரியம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாமாம். எப்போது வேண்டுமானாலும் என்றால் என்றைக்கும் இல்லை என்றுதான் அர்த்தம், அது எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்பை அணைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் இருவரும் இறங்கி வந்தார்கள். கணவர் கண்ணாடியைத் தட்டினார். பாதி இறக்கினேன்.

“ஒன்பது மணிக்கு எனக்கு டெஸ்ட். நீங்க பக்கத்துல உக்காருங்க. அவர் வேணும்னா பின்னாடி உக்காரட்டும்.”

அடுத்தவர் முன்னால் சண்டை போடத் தெரியாத மனுஷர், ஏறிக்கொண்டார். நண்பரும் பின்சீட்டில் ஏறினார். லைசென்ஸ் ஆபீஸில் அவர்கள் இருவரும் இறங்க, இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறினார். பார்க்கிங் டெஸ்டுக்கு நட்டிருந்த கம்பங்களுக்கு நடுவில் வண்டியை ஒரே முயற்சியில் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் கை கடைசிவரை ஹேண்ட்பிரேக்கைத் தொடவில்லை. பாஸ்.

நண்பர் கவுன்டரில் போய்க் கேட்டார். யாரோ ஒருவர் வரவில்லையாம், பதினொன்றரைக்கு வரச் சொன்னார்கள். அவரும் பாஸ். இரண்டரை மணி நேரம் காத்திருந்தால் தீர்கிற பிரச்சினை. அதை முதல்நாளே போன் போட்டுக் கேட்கலாம் என்று அந்த இரண்டு எஞ்சினியர்களுக்கும் தோன்றவில்லை. நான் விட்டுக்கொடுப்பது அதைவிடச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

மதியம் சாப்பிடும்போது கணவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இனிமேல் தான் லீவு போட வேண்டாம், லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் கூடப் போனால் போதும், இவளே எல்லாரையும் கூட்டிப்போய்விடுவாள் என்று அறிவித்தார். நண்பர் ஆமோதித்தார். ரசத்தை மேஜையில் வைத்தேன். சரி, கூட்டிப்போகிறேன், முதலில் இவளை, என்று நண்பரின் மனைவியைக் காட்டினேன். வந்ததிலிருந்து தட்டு கழுவித் தந்தாளே தவிர, அவள் வாயே திறக்கவில்லை.

நண்பர் சிரித்தார். “இவளுக்கு என்னங்க அவசரம்? வீட்லதானே இருக்கப் போறா. இர்விங் போய் மெதுவா சொல்லித் தரேன்.”

அவள் எழுந்துபோய்க் கைப்பையைத் திறந்தாள். நாலாக மடித்த ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள். ஓட்டிப் பழகுவதற்கான பர்மிட், அவள் பெயரில். கடைசித் தேதியைப் பார்த்தேன். முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“ஒரு நாள்கூட ஓட்டினதில்லக்கா,” என்றாள்.