லேபிளில் இல்லாத நிறம்

1. முதல் பலகை

திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுக் கம்பெனிக்கு லேபிள் டிசைன் போட்டே என் காலம் போனது. லேபிளில் ஒரு பெண் முகம் கட்டாயம் வேண்டும். முதலாளி எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்.

"செவப்பா, உருண்ட மொகமாப் போடுப்பா. அதான் விக்கும்."

அப்படியே போட்டேன். என் மனைவி செல்லம்மாள் நல்ல கறுப்பு. லேபிளைப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்னைய வரைஞ்சா ஒங்க கம்பெனி மை காணாதுன்னு பயமா?"

நான் ஓய்வு பெற்ற வருடமே அவள் போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. முதல் தெவசத்துக்குள் அவள் முகத்தை மரத்தில் செதுக்கி அச்செடுப்பது என்று உட்கார்ந்தேன். துக்கத்தில் கைக்கு ஒரு வேலையும் தேவைப்பட்டது.

நினைவிலிருந்து வரைந்த படத்தைப் பலகையில் திருப்பி ஒட்ட வேண்டும் என்பது கம்பெனிக்கு அச்சுப் பிளாக் செய்பவர்களைப் பார்த்துத் தெரியும். ஆனால் கை பேனா பிடித்த கை. கோட்டை மேடாக விட்டுவிட்டுச் சுற்றிலும் வெட்டுவதற்குப் பதில், கோட்டின் மேலேயே உளியை ஓட்டிவிட்டேன். மை உருட்டி எடுத்த முதல் சோதனை அச்சில், அந்தப் புரூஃபில், முகம் முழுக்கக் கறுப்பு. வெட்டிய இடத்தில் மை ஒட்டாததால் கண்ணும் மூக்கும் வெள்ளைக் கோடுகளாக இருந்தன.

பலகை வீணாகிவிட்டது என்று மனம் விட்டுப்போனது. காலையில் ஆசாரியிடம் கொடுத்து இழைத்துவிட்டால் புதிதாகத் தொடங்கலாம்.

2. மகள் வந்தாள்

மறுநாள் தெவச வேலைக்காக எரியோட்டிலிருந்து மகள் ராசாத்தி வந்தாள். கொடியில் காய்ந்த புரூஃபின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது கெட்டுப்போச்சு, ஆத்தா. பலகைய இழைக்கக் குடுக்கப் போறேன்."

"எதுக்குப்பா? அம்மா இப்பிடித்தான இருந்தா."

"மொகமெல்லாம் கறுப்பா வந்திருச்சே."

"ஒங்க மொதலாளி கேட்ட பொம்பளைய வச்சா தெவசம் குடுக்கப் போறீங்க?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். செல்லம்மாள்தான். அடுப்பு வெளிச்சத்தில் என் பக்கம் திரும்பும்போது அவள் முகம் அப்படித்தான் தெரியும். இத்தனை வருடம் அந்த முகத்தோடு இருந்துவிட்டு அதையே இழைக்கப் பார்த்தேனே என்று அழுதுவிட்டேன்.

தெவசத்தன்று அந்தப் புரூஃபுக்குத்தான் மாலை போட்டோம்.

இந்தச் செதுக்கு வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் புரூஃப் கெட்டுவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த முகத்தை நேசித்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.